இடத்துக்கேற்ற வாஷிங் மெஷின்: ஃப்ரன்ட் லோடா, ஸ்லிம்மா, டாப் லோடா, செமியா?

"பாத்ரூம் மூலையில் 58 செ.மீ. ஆழம் இருக்கிறது. மெஷினின் ஆழம் 56 என்று போட்டிருக்கிறார்கள். வாங்கிவிடலாமா?" வருகிற கேள்விகளில் பாதி இந்த ரகம். எண்ணை மட்டும் பார்த்தால் 2 செ.மீ. மிச்சம். வாங்கி வைத்துப் பார்த்தால் 8, 9 செ.மீ. வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். வாசலை ஒட்டிய மூலையாக இருந்தால் பாத்ரூம் கதவு பாதியோடு நின்றுவிடும்.

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு சும்மா நிற்கிற மெஷினுடையது. வீட்டில் நாம் ஒதுக்க வேண்டியது ஓடுகிற மெஷினுக்கான இடம். பின்னால் ஹோஸ் வளைய வேண்டும், முன்னால் கதவு திறக்க வேண்டும் அல்லது மேலே மூடி எழும்ப வேண்டும், எதிரே ஓர் ஆள் கூடையோடு குனிந்து நிற்க வேண்டும்.

எத்தனை கிலோ, எந்த பிராண்ட், எத்தனை ப்ரோக்ராம் என்பதெல்லாம் இருக்கட்டும். இடம் சின்னதென்றால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் இடத்தில் எது குறைச்சல்? ஆழமா, அகலமா, தலைக்கு மேலே உயரமா, உள்ளே கொண்டுபோகும் வழியா? மெஷினின் வகையை அந்தக் குறைச்சல்தான் முடிவு செய்யும். முன்கதவு வழியே துணி போடும் ஃப்ரன்ட் லோடு நல்லதா, மேல்மூடியைத் திறந்து போடும் டாப் லோடு நல்லதா என்று பொதுவாக விவாதித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

## எதையெல்லாம் அளக்க வேண்டும்

### ஆழம்

அதிகம் ஏமாற்றுவது இந்த அளவுதான். ஒரே மெஷினுக்கு நான்கு ஆழங்கள் உண்டு.

முதலாவது, வெறும் பெட்டியின் ஆழம். விளம்பரங்களில் பெரும்பாலும் வருவது இது. இரண்டாவது, கதவின் புடைப்பையும் சேர்த்த ஆழம். ஃப்ரன்ட் லோடில் வட்டக் கதவும் கைப்பிடியும் பெட்டியைவிட 3 முதல் 6 செ.மீ. முன்னே நிற்கும். மூன்றாவது, பின்பக்க இடைவெளியோடு சேர்த்த ஆழம். தண்ணீர் வரும் ஹோஸும் போகும் ஹோஸும் மடங்காமல் வளைய 5 முதல் 10 செ.மீ. தேவை. நான்காவது, கதவு முழுக்கத் திறந்திருக்கும்போது சுவரிலிருந்து கதவின் நுனி வரை உள்ள தூரம். 60 செ.மீ. ஆழமுள்ள மெஷினுக்கு அது 105 முதல் 115 செ.மீ. வரை போகும்.

மேலே கேட்ட கேள்விக்கே கணக்குப் போடலாம். பெட்டி 56, கதவுப் புடைப்பு 4, பின்னால் ஹோஸுக்கு 7. மொத்தம் 67. இருக்கிற இடம் 58.

இதில் கொஞ்சம் மீட்க வழி உண்டு. பின்பக்கத்தை அதிகம் தின்பது பெரும்பாலும் ஹோஸ் இல்லை, மெஷினுக்கு நேர் பின்னால் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாயும் பிளக்கும். குழாய் 8, 10 செ.மீ. வெளியே நிற்கும், சாக்கெட்டில் செருகிய பிளக் 4, 5 செ.மீ. நிற்கும். இரண்டையும் பக்கவாட்டுக்கு மாற்றினால் அத்தனை இடமும் திரும்பக் கிடைக்கும். அவசரத்துக்குக் குழாயை அடைக்கவும் கை எட்டும். ஹோஸின் மெஷின் பக்க முனை எல்போ, அதாவது முழங்கை போல மடிந்த இணைப்பு, வைத்ததாக இருக்கிறதா என்று பாருங்கள். நேராக நீளும் முனை என்றால் வளைவதற்குக் கூடுதல் இடம் கேட்கும். ஹோஸை நசுக்கிச் சுவரோடு தள்ளி வைப்பது மட்டும் வேண்டாம். நீர் வரத்து குறையும், மடிந்த இடத்தில் நாளடைவில் வெடிப்பு விழும்.

சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் டைல்ஸையும் மறக்கக் கூடாது. டேப்பை நெஞ்சு உயரத்தில் பிடித்து அளப்பவர்கள் கண்ணுக்கு அது படாது. மெஷினின் அடிப்பாகம் அதில்தான் முட்டி நிற்கும்.

### அகலம்

இரு சுவர்களுக்கு நடுவே அல்லது மேடைக்கு அடியில் வைப்பதாக இருந்தால் அகலத்தைத் தரையோடு ஒருமுறை, நடுவில் ஒருமுறை, மேலே ஒருமுறை அளந்துவிட்டு, பின்சுவர் ஓரமாகவும் அதேபோல அளக்க வேண்டும். சுவர்கள் நேராக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கிடைத்தவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் அகலம். இரும்பு டேப்பைச் சுவர் மூலையில் மடித்து வாசிக்காதீர்கள். அங்கே அரை செ.மீ. தப்பும். டேப் பெட்டியின் முதுகைச் சுவரில் ஒட்டி வைத்து, வெளியே தெரியும் எண்ணோடு பெட்டியின் நீளத்தைக் கூட்டிக்கொண்டால் சரியாக வரும். அந்த நீளம் பல டேப்களில் பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கும்.

துணியைப் பிழியும் ஸ்பின் ஓடும்போது மெஷின் ஆடும். அதனால் இருபுறமும் ஒவ்வொரு செ.மீ. ஆவது விட வேண்டும். 2 விட்டால் நிம்மதி.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "மெஷினுக்கு 24 இஞ்ச் விட்டிருக்கிறோம்" என்று கொத்தனார் சொன்னால் அது செங்கல் சுவருக்குச் சுவர் அளந்த அளவா, பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு மிஞ்சும் அளவா என்று கேளுங்கள். 24 இஞ்ச் என்பது 61 செ.மீ. பூச்சும் டைல்ஸும் ஒட்டும் கலவையும் பக்கத்துக்கு 2 செ.மீ.க்கு மேல் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 57-க்குக் கீழே. 60 செ.மீ. மெஷின் அங்கே நுழையாது. செங்கல் நிலையிலேயே 68, 69 செ.மீ. விடச் சொல்வது நல்லது.

### உயரம்

மேடைக்கு அடியில் வைப்பவர்கள் மேடையின் மேல்மட்டத்தை அளந்துவிட்டு "90 செ.மீ. இருக்கிறதே" என்பார்கள். கல்லின் கனத்தைக் கழிக்க வேண்டும். கல்லுக்கு முன்னால் அழகுக்காக ஒரு பட்டை கீழே இறங்கியிருந்தால் அதன் கீழ்விளிம்பிலிருந்துதான் அளக்க வேண்டும், ஏனென்றால் மெஷின் அந்த விளிம்புக்கு அடியில் நுழைந்துதான் உள்ளே போகும். பக்கத்தில் சிங்க் இருந்தால் அதன் தொட்டியும் குழாயும் எவ்வளவு தூரம் பக்கவாட்டில் நீண்டிருக்கின்றன என்று குனிந்து பாருங்கள்.

மேலே திறக்கும் மெஷினுக்கு மூடியைத் தூக்கிய உயரம் தெரிந்தால் போதும், மூடிய உயரத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டாண்டும் அதிர்வைத் தாங்கும் ரப்பர் பாதங்களும் போடப் போகிறீர்கள் என்றால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் பாதம் 1, 2 செ.மீ. ஏற்றும். ஸ்டாண்ட் 10 செ.மீ.க்கு மேலேயே ஏற்றிவிடும்.

### உள்ளே வரும் வழி

இடம் சரியாக இருந்து, மெஷின் ஹாலிலேயே நின்றுவிடுவதும் உண்டு. நிலையின் அகலத்தை அளக்காமல், கதவு திறந்திருக்கும்போது மிஞ்சும் வெளியை அளக்க வேண்டும். கதவுப் பலகையின் கனமே 3, 4 செ.மீ. தின்னும். பாத்ரூம் கதவு முழுசாக மடங்காமல் 90 டிகிரியோடு நின்றால் இன்னும் குறையும். கடைசிக் கட்டமாகக் கதவைக் கீலிலிருந்து கழற்றிவிட்டு உள்ளே கொண்டுபோகலாம். அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

ஒடுக்கமான நடையில் மெஷினை நின்ற இடத்திலேயே திருப்ப வேண்டுமென்றால் அதன் மூலைவிட்டம் முக்கியம். 60 x 60 மெஷினுக்கு மூலைவிட்டம் 85 செ.மீ.; ஆழம் குறைந்த 60 x 45 ஸ்லிம் மெஷினுக்கு 75. நடை 80 செ.மீ. அகலம்தான் என்றால் முதலாவது திரும்பாது, இரண்டாவது திரும்பும். படிக்கட்டின் திருப்பத்துக்கும் லிஃப்டின் கதவுக்கும் இதே கணக்கு. அட்டையும் தெர்மாகோலும் சேர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் சில செ.மீ. கூடுவதால், நெருக்கடியான வழியென்றால் அட்டையை வெளியிலேயே பிரிக்கச் சொல்லிவிடுங்கள்.

### தண்ணீர், வடிகால், மின்சாரம், தரை

தண்ணீர் அழுத்தம்: பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. பல தானியங்கி மெஷின்கள் குறைந்தது 0.3 பார் கேட்கின்றன. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார், ஆகவே 0.3 பாருக்குத் தொட்டியின் நீர்மட்டம் மெஷினின் குழாயைவிட 3 மீட்டர் மேலே இருக்க வேண்டும். மேல்மாடியில், தலைக்கு நேர்மேலே தொட்டி உள்ள வீடுகளில் இது கிடைக்காமல் போகலாம். மெஷின் நிரம்ப வெகுநேரம் எடுக்கும், அல்லது தண்ணீர் வரவில்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். அதற்கு பூஸ்டர் பம்ப் வைக்க வேண்டும். அதற்கும் ஓர் இடம், ஒரு சாக்கெட், கொஞ்சம் சத்தம்.

வடிகால்: பம்ப் உள்ள மெஷின்களில் கழிவுநீர் ஹோஸின் வளைவைத் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் மாட்டச் சொல்வார்கள். தரையோடு தரையாகக் கிடத்தினால் உள்ளே நிரம்ப நிரம்பத் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும், மெஷின் ஓயாமல் நிரப்பிக்கொண்டே இருக்கும். பம்ப் இல்லாத டாப் லோடுக்கும், துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்றிருக்கும் செமி ஆட்டோமேட்டிக்குக்கும் இது தலைகீழ். அவற்றில் நீர் தானாக இறங்குவதால் ஹோஸ் தரைமட்டத்திலேயே கிடக்க வேண்டும்.

மின்சாரம்: தண்ணீரைச் சூடாக்கும் மெஷின் 2,000 வாட் அளவில் இழுக்கும். அதற்குத் தனி சாக்கெட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டக் கூடாது.

தரை: பாத்ரூமிலும் பால்கனியிலும் தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் விட்டிருப்பார்கள். மெஷினின் பாதங்களைத் திருகி ஓரளவு சமன் செய்யலாம், ஆனால் வாட்டம் அதிகமென்றால் பாதங்கள் போதாது. 60 செ.மீ. நீளப் பலகையைத் தரையில் வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வைத்து, தாழ்ந்த முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். எவ்வளவு தூக்கினீர்களோ அவ்வளவு வித்தியாசம். 2 செ.மீ.க்கு மேல் வந்தால் சின்னதாக ஒரு திண்டு கட்டிவிடுவது மேல். அப்போது உயரக் கணக்கும் மாறும்.

## ஒரே பார்வையில்

செ.மீ. அளவுகள் எல்லாம் தோராயமானவை. மாடலுக்கு மாடல் மாறும்.

| | முழு ஆழ ஃப்ரன்ட் லோடு | ஸ்லிம் ஃப்ரன்ட் லோடு | டாப் லோடு | செமி ஆட்டோமேட்டிக் |
|---|---|---|---|---|
| அகலம் | 60 | 60 | 52–60 | 75–90 |
| பெட்டியின் ஆழம் | 55–65 | 40–50 | 54–62 | 42–55 |
| உயரம் | 85 | 85 | 88–105 | 90–105 |
| திறந்தால் | முன்னால் மொத்தம் 105–115 | முன்னால் மொத்தம் 85–100 | மேலே 125–145 | மேலே 130 வரை |
| எடை (கிலோ) | 60–80 | 50–65 | 30–45 | 20–30 |
| மேடைக்கு அடியில் | முடியும் | முடியும் | முடியாது | முடியாது |
| குறைந்த நீர் அழுத்தம் | சிரமம் | சிரமம் | மாடலைப் பொறுத்தது | கவலை இல்லை |
| தரை வாட்டம் | சமன் அவசியம் | இன்னும் அவசியம் | சமன் வேண்டும் | கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் |

## முழு ஆழ ஃப்ரன்ட் லோடு

மேலே இடம் இல்லை, முன்னால் இடம் இருக்கிறது என்பவர்களுக்கு இது. அதன் மேல் பலகை போட்டுக்கொள்ளலாம், அலமாரி மாட்டலாம், மேடைக்கு அடியில் தள்ளலாம். மேலே ஒரு செ.மீ. விட்டாலும் போதும். அந்த 60 x 85 அளவே சமையலறை அலமாரிகளின் 60 செ.மீ. அளவோடு ஒத்துப்போகும்படி வந்ததுதான். சில சந்தைகளில் 27 இஞ்ச், அதாவது 68, 69 செ.மீ. அகல மெஷின்களும் உண்டு. படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

முன்பக்கத்தில் கதவுக்கு 50 செ.மீ., குனியும் ஆளுக்கு இன்னும் கொஞ்சம் என்று ஒரு மீட்டர் இருந்தால் வசதி. ஒடுக்கமான நடையில் கதவு திறந்ததும் வழி அடைபடும். நாளுக்கு இரண்டு நிமிடம்தானே என்று விடலாம். அந்த நடைதான் வீட்டின் ஒரே வழி என்றால் விட முடியாது. இதைவிடச் சங்கடம் கதவு திறக்கும் திசை. பெரும்பாலான ஃப்ரன்ட் லோடுகளில் கீல் இடப்பக்கம், அதை மாற்றவும் முடியாது. மெஷினின் வலப்பக்கம் சுவர், நீங்கள் அணுகுவது இடப்பக்கத்திலிருந்து என்றால், திறந்த கதவு உங்களுக்கும் டிரம்முக்கும் நடுவில் வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் அதைச் சுற்றிக் கையை விட வேண்டும். வாங்குவதற்கு முன்பு இதை யாரும் யோசிப்பதில்லை, வாங்கிய பிறகு தினமும் நினைத்துக்கொள்வார்கள்.

மறைமுகச் செலவுகள் வேறு. தனி சாக்கெட், சுவரில் உயரமாக வடிகால் வாய், அழுத்தம் குறைந்த வீட்டில் பூஸ்டர் பம்ப். 70 கிலோவை மாடிக்கு ஏற்ற ஆள் வேண்டும். ஆட்டத்தை அடக்க எதிர் எடையாக உள்ளே கான்கிரீட் அல்லது இரும்புக் கட்டி வைத்திருப்பதால்தான் அந்தக் கனம். பின்பக்கம் டிரம்மை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் பயணத்துக்கு மட்டுமானவை. அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் அறை முழுக்க நடக்கும். கழற்றியதைப் பத்திரமாக வையுங்கள், வீடு மாறும்போது வேண்டும்.

மேடைக்கு அடியில் உயரம் 83, 84 செ.மீ.தான் என்று சிலர் வருவார்கள். சில மாடல்களில் மேல்தட்டைக் கழற்றிவிட்டு 82 செ.மீ. அளவில் தள்ள முடியும். கையேட்டில் அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும், அதற்குரிய மூடுதகட்டைப் போட்டுச் செய்யலாம். மேல்தட்டைக் கழற்றினால் மின்பாகங்கள் திறந்து கிடக்கும், மேடையிலிருந்து வழியும் தண்ணீர் நேரே அங்கே போகும். கையேட்டில் இல்லாததைத் தச்சரின் யோசனைப்படி செய்ய வேண்டாம்.

மேடைக்கு அடியில் தள்ளுவதற்கு முன்பே பின்பாதங்களைச் சமன் செய்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு அவை கைக்கு எட்டாது. கீழே வலது மூலையில் பம்ப் ஃபில்டருக்கு ஒரு சின்னக் கதவு இருக்கும். அதன் முன்னால் மரப்பட்டை அடித்து மறைத்துவிட்டால், நாணயமோ ஹேர்பின்னோ அடைக்கும் அன்று பட்டையை உடைக்க வேண்டியிருக்கும்.

## ஸ்லிம் ஃப்ரன்ட் லோடு

அகலமும் உயரமும் பெரியதற்குச் சமம். ஆழம் மட்டும் 10, 15 செ.மீ. குறைவு. நடை ஒடுக்கம், பாத்ரூம் கதவு இடிக்கிறது, மேடையின் ஆழம் 55-ஐத் தாண்டவில்லை என்றால் இதுதான் பதில். 45 செ.மீ. மெஷினுக்குக் கதவுப் புடைப்பும் பின் இடைவெளியும் சேர்த்தால் 55 செ.மீ. சுமாருக்கு வந்துவிடும். அந்த 58 செ.மீ. மூலைக்கு இது தாராளமாகப் போதும். வழி நெருக்கமான வீடுகளிலும் இதன் கை ஓங்கும். பக்கவாட்டில் திருப்பினால் 45 செ.மீ.தான் என்பதால் எந்தக் கதவிலும் நுழையும்.

ஆனால் குறைத்த ஆழம் முழுக்க டிரம்மிலிருந்து வெட்டியது. வட்டத்தின் விட்டம் குறையாமல் டிரம் தட்டையாகிவிடுகிறது. தினசரித் துணிகளுக்குக் குறை தெரியாது. கனமான போர்வையைத் திணித்தால் அது டிரம்முக்குள் புரள இடம் இல்லாமல் ஒரே உருண்டையாகச் சுற்றும். கிலோக் கணக்கை நம்பாமல் டிரம்மின் கொள்ளளவு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். இரண்டு மெஷினிலும் 7 கிலோ என்று எழுதியிருக்கலாம், லிட்டர் வேறாக இருக்கும். எது உங்கள் போர்வையைத் துவைக்கும் என்று லிட்டர்தான் சொல்லும்.

அடித்தளம் குறுகலானதால் முன்னும் பின்னும் ஆடும் போக்கு இதற்கு அதிகம். தரை சமனில்லாத இடத்தில் நிமிடத்துக்கு 1,200 சுற்று ஸ்பின்னை ஓடவிட்டால் பக்கத்து அறையில் தூங்குபவர் எழுந்து வருவார். வாட்டம் உள்ள பால்கனியில் திண்டு கட்டாமல் இதை வைக்காதீர்கள்.

நால்வருக்கு மேல் உள்ள வீட்டில் ஸ்லிம் வாங்கினால் வாரத்தில் கூடுதல் தடவை ஓட்ட வேண்டிவரும். அது கடைசியில் நேரமும் மின்சாரமுமாகக் கணக்கில் ஏறும். ஒன்றிரண்டு பேர் உள்ள வீடு, போர்வையை வெளியே கொடுத்துத் துவைத்துக்கொள்வார்கள் என்றால் ஸ்லிம்மை யோசிக்காமல் வாங்கலாம்.

## டாப் லோடு

முன்னால் கதவுக்கு இடமில்லை, மேலே திறந்தவெளி இருக்கிறது என்றால் டாப் லோடு. அகலம் 54, ஆழம் 56 என்ற அளவிலேயே கிடைப்பதால் 60 செ.மீ. நுழையாத இடங்களிலும் நுழையும். எடையும் பாதிதான். எதிரே ஓர் ஆள் நிற்க 60 செ.மீ. இருந்தால் வேலை நடக்கும், நடையை அடைக்கவும் செய்யாது.

இடிக்கும் இடம் மேலே. 95 செ.மீ. உயர மெஷினின் மூடியைத் தூக்கினால் 130-ஐத் தாண்டும். ஃப்ரன்ட் லோடுக்குக் குழாயைத் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே வைப்பது நல்ல ஏற்பாடு, ஏனென்றால் மெஷினின் உயரத்துக்கு மேலே போய்விட்ட குழாய் ஆழத்தைத் தின்னாது. அதே குழாய் டாப் லோடின் மூடி பின்னால் சாயும் இடத்தில் சரியாக நிற்கும். மூடி 90 டிகிரி வரை நிமிராவிட்டால், கையை எடுத்தவுடன் தானாக விழும். ஏற்கெனவே ஃப்ரன்ட் லோடு வைத்திருந்த இடத்தில் டாப் லோடு வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குழாயைப் பக்கவாட்டுக்கு நகர்த்தலாம், அல்லது நடுவில் மடியும் மூடி உள்ள மாடலைத் தேடலாம். அதற்கு மேலே குறைந்த உயரம் போதும். ஒரே கண்ணாடிப் பலகையாகத் திறக்கும் மூடிதான் அதிக இடம் கேட்கும். கீசரும் சுவர் அலமாரியும் தலைக்கு மேல் இருந்தால் அவற்றின் அடிமட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

ஆளின் உயரத்தையும் சேர்த்து அளக்க வேண்டிய மெஷின் இது. 100 செ.மீ. உயர மெஷினை 12 செ.மீ. ஸ்டாண்டின் மேல் ஏற்றினால், உயரம் குறைந்தவர்களுக்குத் தொட்டியின் அடியில் கிடக்கும் சாக்ஸ் எட்டாது. துவைப்பவர் யாரோ அவரைக் கடைக்கு அழைத்துப் போய்த் தொட்டியின் அடியைத் தொடச் சொல்லுங்கள். மெஷின் வாங்கப் போகிறவர் ஒருவர், துவைக்கப் போகிறவர் இன்னொருவர் என்பதுதான் பல வீடுகளில் சிக்கலே. முதுகுவலி, முட்டிவலி உள்ளவர்களுக்கு இது குனியாமல் துணி போடும் வசதி தருகிறது என்பதும் உண்மை.

மறைந்திருக்கும் செலவு தண்ணீர். ஒரே அளவு துணிக்கு டாப் லோடு பொதுவாக ஃப்ரன்ட் லோடைவிட அதிக நீர் எடுக்கும். ஸ்பின் வேகமும் குறைவு என்பதால் துணி கூடுதல் ஈரத்தோடு வரும், கொடியில் அதிக நேரம் தொங்கும். மெஷினுக்கு இடம் இல்லாத வீட்டில் கொடிக்கு மட்டும் எங்கே இடம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மேலே திறப்பதிலேயே 40 செ.மீ. அகலம், 60 ஆழம் உள்ள ஒடுக்கமான வகை ஒன்று உண்டு. ஐரோப்பிய வீடுகளில் புழங்குவது. டிரம் ஃப்ரன்ட் லோடு போலப் படுக்கையாகச் சுற்றும், துணியை மட்டும் மேலிருந்து போட வேண்டும். அகலம்தான் குறைச்சல் என்றால் இதைப்போல வேறொன்று கிடையாது. உங்கள் ஊரில் கிடைக்கிறதா, பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## செமி ஆட்டோமேட்டிக்

இரண்டு தொட்டி பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அகலம் அதிகம், ஆழம் குறைவு. அட்டவணையை மட்டும் பார்த்தால் சின்ன வீட்டுக்குப் பொருந்தாதது போலத் தோன்றும். நடைமுறையில் மிகச் சின்ன வீடுகளைப் பலமுறை காப்பாற்றுவது இதுதான், ஏனென்றால் வைக்கும் இடம் வேறாகவும் துவைக்கும் இடம் வேறாகவும் இருக்கலாம். 25 கிலோதான், பல மாடல்களில் சக்கரமும் உண்டு. நாள் முழுக்கச் சுவர் ஓரம் ஒதுங்கிக் கிடந்து, துவைக்கும் நேரத்துக்கு மட்டும் பாத்ரூம் வாசலுக்கு உருண்டு வரும். குழாய் அழுத்தம் குறைவு, தண்ணீர் குறிப்பிட்ட நேரத்தில்தான் வரும், பிடித்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்ற வீட்டுக்கும் இது ஒத்துவரும். வாளியால் ஊற்றினாலும் ஓடும். ஹீட்டர் இல்லாத மாடல்கள் சில நூறு வாட்தான் இழுப்பதால் மின்சாரப் பிரச்சினையும் குறைவு.

விலையில் மிச்சமாவதை நேரமாகக் கட்ட வேண்டும். துவைத்ததைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்ற ஆள் நிற்க வேண்டும், அலச வேண்டும், ஈரத் துணி சொட்டி நனைந்த தரையைத் துடைக்க வேண்டும். கழிவு நீர் தரையோடு போவதால் அருகில் தரை வடிகால் இல்லாத அறையில் இதை ஓட்ட முடியாது. இரண்டு மூடிகளும் மேலே திறக்கும் என்பதால், நகர்த்திப் போய் நிறுத்தும் இடத்திலும் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## டிரையரும் வேண்டும் என்றால்

இரண்டு வழி. ஒன்று, ஃப்ரன்ட் லோடின் மேல் டிரையரை அடுக்குவது. இரண்டும் 85 என்றால் இணைக்கும் கிட்டோடு 170 செ.மீ.க்கு மேல் போகும். தரைப் பரப்பு ஒன்றுதான், ஆனால் டிரையரின் பட்டன்கள் தலை உயரத்துக்குப் போய்விடும். டிரையர் எப்போதும் மேலேதான் இருக்க வேண்டும். கிட் அந்த மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ஸ்லிம் மெஷினின் மேல் முழு ஆழ டிரையரை ஏற்றலாமா என்றால், இரண்டுக்கும் பொருந்தும் கிட் இருப்பதாக நிறுவனம் எழுதித் தராதவரை வேண்டாம்.

இன்னொன்று, துவைத்து உலர்த்தும் ஒரே மெஷின். இடம் ஒன்றே போதும். துவைக்கும் அளவுக்கு உலர்த்த முடியாது என்பதுதான் இதில் சொல்லாமல் விடும் விஷயம். 8 கிலோ துவைப்பது 5 கிலோ சுமாருக்குத்தான் உலர்த்தும், மீதியை வெளியே எடுத்துவிட வேண்டும். உலர்த்தி முடியும் வரை அடுத்த துவைப்பையும் தொடங்க முடியாது. ஒருவரோ இருவரோ உள்ள வீட்டுக்குச் சரி. பெரிய குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

## இரண்டு தேறினால்

அளந்து பார்த்துவிட்டு "ஸ்லிம்மும் நுழைகிறது, டாப் லோடும் நுழைகிறது, எதை எடுக்க?" என்று கேட்பவர்களுக்கு: மேலே உள்ள இடத்தை வேறு எதற்காவது பயன்படுத்தப் போகிறீர்களா? அலமாரியோ, இஸ்திரி போடும் பலகையோ, துணி மடிக்கும் இடமோ வேண்டுமென்றால் ஸ்லிம். மேலே சும்மா கிடக்கப் போகிறது, வீட்டில் ஆள் அதிகம், தரை வாட்டமாக இருக்கிறது என்றால் டாப் லோடு. முழு ஆழமும் ஸ்லிம்மும் தேறுகின்றன, ஆனால் முழு ஆழத்துக்கு மிஞ்சுவது ஓரிரு செ.மீ.தான் என்றால், என் கை ஸ்லிம் பக்கம்தான் போகும். டாப் லோடும் செமியும் தேறினால் தண்ணீரின் அழுத்தத்தைச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டுங்கள். மெஷினின் அகலமும், ஹோஸ் இடைவெளி, கதவுப் புடைப்பு சேர்த்த ஆழமும் எவ்வளவோ அந்த அளவுக்கு. அதைத் தரையில் ஒட்டி, கதவு திறக்கும் இடத்துக்கு ஒரு செய்தித்தாளை அரைவட்டமாக வெட்டி முன்னால் ஒட்டுங்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே கிடக்கட்டும். காலையில் குளிக்கப் போகிறவர் அதை மிதிக்காமல் போக முடிகிறதா, அறைக்கதவு அதன் மேல் ஏறுகிறதா, கூடையை எங்கே வைக்கலாம் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன்பு நிறுவும் முறை காட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அது கையேட்டின் முதல் சில பக்கங்களில் இருக்கும். கதவோடு சேர்த்த ஆழம், கதவு திறந்த ஆழம், மூடி தூக்கிய உயரம் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் காட்சிக்கு வைத்திருக்கும் மெஷினை உங்கள் டேப்பால் நீங்களே அளந்துகொள்ளுங்கள். கதவையும் மூடியையும் முழுக்கத் திறந்து வைத்து அளக்க வேண்டும்.